சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பி வேண்டாம்

கிராமபோனின் வேகத் திருகைத் தளர்த்தி, நிமிடத்துக்குச் சுமார் 33 சுற்று சுழலும் வினைல் (பிளாஸ்டிக்) இசைத்தட்டான எல்பியை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வேகம் இரண்டாம் பட்சம்தான்; தட்டைக் கெடுப்பது, ஊசியைத் தாங்கி ஒலி எழுப்பும் தலைப்பகுதியான சவுண்ட் பாக்ஸின் கனம். நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடை எஃகு ஊசி முனையில் இறங்கும். எல்பிக்கோ 2 கிராம் அளவே போதும். எல்பியில் ஊசி ஓடும் பள்ளமும், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய 78 தட்டின் பள்ளத்தில் ஏறக்குறைய பாதி அகலம்தான். தடித்த ஊசி அடிவரை இறங்காமல் இரு கரைகளையும் உழுதுவிடும். ஒருமுறை ஓட்டினாலே ஊசி போன வழி சாம்பல் பூத்துத் தெரியும், அப்புறம் நல்ல பிளேயரிலும் இரைச்சல்தான்.

அந்தப் பெட்டிக்கு 78 வேக அரக்குத் தட்டுகளே சரி. வினைலில் வந்த 78களையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் எஃகு ஊசியை மாற்றுங்கள். தேய்ந்த முனை உளிபோல் செதுக்கும்.