முதல் முறை பார்ப்பவரைப் பார்க்கவிடுங்கள்

கேள்வி: நான் திருமணமாகி வந்த வீட்டில் எல்லோருக்கும் 'காதலிக்க நேரமில்லை' படம் என்றால் உயிர். நான் பார்த்ததில்லை என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து போட்டார்கள். வசனம் வருவதற்கு முன்பே மாமாவும் நாத்தனாரும் சொல்லிவிடுகிறார்கள்; உடனே என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. சிரித்ததுபோல் நடித்துவிட்டேன். எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லையா? பொங்கல் விடுமுறையில் மறுபடி பார்க்கலாம் என்கிறார் மாமா. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. பத்து கண்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்? அன்று உங்களைப் படம் பார்க்க விடவில்லை, தேர்வு எழுத வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது அன்பினால்தான். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருக்கும் சுகம் அந்தப் படத்துக்கு மிகவும் தேவை. அதை உங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு முன் ஒருநாள் தனியாகவோ, இதுவரை பார்க்காத தோழி ஒருத்தியுடனோ முதலிலிருந்து பாருங்கள். நகைச்சுவைத் துணுக்குகளாக மட்டும் பார்க்காதீர்கள். 1964இல் இயக்குநர் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து எழுதிய இந்தக் கதை ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. வேலை இழந்த அசோக், தான் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுகிறான். அதைக் காப்பாற்ற நண்பன் வாசு கிழவர் வேடம் போட்டு அப்பாவாக வந்து நிற்கிறான். வந்த வீட்டில் பார்த்தால் அவனுடைய காதலியே இருக்கிறாள்! வாசுவாக வரும் முத்துராமன் தாடிக்குள் படும் அவஸ்தை, அதற்கு முன் மெரினாவில் அவளோடு பாடித் திரிந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

அந்த வீட்டுப் பிள்ளை செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத்தான் உங்கள் வீட்டில் அதிகம் ஒப்பித்திருப்பார்கள். படம் எடுக்கத் துடிக்கும் மகன் பேய்க்கதை சொல்கிறான். செல்லப்பாவாக வரும் நாகேஷ் வாயாலேயே எல்லாச் சத்தத்தையும் எழுப்புகிறார். எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அப்பாவாக வரும் பாலையாவைப் பாருங்கள். 1936இல் 'சதிலீலாவதி'யில் வில்லனாக வந்தவர் அவர். மற்றவர்களைப் பயமுறுத்தியே பழகிய அந்த முகம் இங்கே தன் பிள்ளையின் கதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஒரு நடிகர் இவ்வளவு நன்றாகக் காது கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வசனத்தை ஒப்பிப்பவர்களால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல முடியாதது அது ஒன்றுதான். நாகேஷின் கதை அவ்வளவு உயரம் போவது அந்த முகத்தால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாமே பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கதாநாயகன் பெண்ணைச் சீண்டிக்கொண்டே பின்தொடர்வது இன்று பார்க்கும்போது நெருடும். பாடல்கள் கதையை நிறுத்துவதாகத் தோன்றலாம். (விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் இசைக்காக நான் நிறுத்திக் கேட்பேன், அது என் பழக்கம்.) பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்ததே என்று மகிழ்வார்.

அன்று நடித்ததையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், பொங்கலுக்கு முன்பே. "மாமா, நீங்கள் வசனம் சொன்னதில் எனக்குப் படம் கேட்கவே இல்லை" என்றால் போதும். பிறகு அவரையே கேளுங்கள்: அவர் முதன்முதலில் பார்த்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் போனது என்று. பொங்கலன்று செல்லப்பா கதையை ஆரம்பித்து முடிக்கும்வரை மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். நாத்தனாருக்கும் அது பொருந்தும்.