சின்னத் தையல் யூனிட்டுகளைப் பெரிய ஆடை கம்பெனிகளோடு இணைக்க முடியுமா?

முடியும். பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். நாலைந்து யூனிட்டுகளைச் சேர்த்து ஆர்டர் வாங்கித் தரப் போவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர்கூட எப்படியாவது கிடைத்துவிடும், நாலு இடத்தில் தைத்ததை ஒரே கையில் தைத்த மாதிரி கொடுப்பதில்தான் மூச்சு முட்டும்.

எங்கள் முதல் வேலை 1,000 டி-ஷர்ட். துணி வெட்டியே வந்தது, ஒவ்வொரு துண்டிலும் குட்டியாக ஒரு நம்பர் ஸ்டிக்கர். எதற்கென்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊசியில் பசை ஒட்டுகிறது என்று எங்கள் ஆட்கள் தைக்கும் முன்பே எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரே கலர்தானே என்று கைக்கு வந்த ஸ்லீவை கைக்கு வந்த பாடியோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள், டியூப் லைட்டில் ஒன்றும் தெரியவும் இல்லை. கம்பெனி செக்கிங் மேஜையில் விரித்தால் ஸ்லீவ் ஒரு ஷேடு, பாடி ஒரு ஷேடு! ஒரே சாயம் ஏற்றினாலும் ரோலுக்கு ரோல் லேசாக மாறும், அதற்குத்தான் அந்த ஸ்டிக்கர். வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 (எத்தனை குறை வரை லாட்டை ஏற்கலாம் என்ற அளவுகோல்) கணக்கில் 1,000 பீஸுக்கு 80 எடுத்துப் பார்ப்பார்கள், பெரிய குறை 5 வரை பாஸ், 6 ஆனால் லாட் முழுக்கத் திரும்பும். திரும்பியது.

அதனால் ஆர்டருக்கு முன்னால் ஒரு நல்ல செக்கரைப் பிடியுங்கள். கம்பெனி அப்ரூவ் செய்த சாம்பிள் பீஸ் ஒன்று ஒவ்வொரு யூனிட்டிலும் கண்ணெதிரே தொங்க வேண்டும்.

அப்புறம் டெலிவரி தேதி. ஒரு பீஸுக்கு 12 நிமிடம், பத்து டெய்லர், 8 மணி நேரம் என்றால் கணக்குக்கு 400 பீஸ் வரும். அதை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள், நூல் அறுவதும் ஆள் வராததும் போக புது ஸ்டைலில் முதல் வாரம் நாளுக்கு 200 வந்தாலே பெரிய விஷயம்.

இன்னொன்று, வேலை உங்கள் யூனிட்டுகளுக்கு வருவது கம்பெனியிடம் ஆடை வாங்கும் பையருக்குத் தெரிந்திருக்கிறதா என்று கம்பெனியிடம் நேராகவே கேளுங்கள். 2013இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்த பிறகு, எங்கே தைக்கிறார்கள் என்பதில் பையர்கள் கெடுபிடி காட்டுகிறார்கள். சொல்லாமல் வெளியே கொடுத்தது தெரிந்தால் ஆர்டரே போகும், கம்பெனி உங்களைத்தான் கைகாட்டும். அவசர வழி, தீயணைப்பான், சம்பள ரெஜிஸ்டர் எல்லாம் சரியாக இருக்கட்டும். ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி கொடுங்கள். ஒரு துண்டு குறைந்தாலும், அது துணிக்குள் இருக்கலாம் என்பதால், அப்போது தைத்த பண்டிலை (துணிக் கட்டை) தனியாக எடுத்துவைக்க வேண்டும். எங்கள் டெய்லர்கள் முதலில் சிரித்தார்கள், ஆடிட்டுக்கு வந்தவர் முதலில் கேட்டதே அந்த நோட்டைத்தான்.

பணம் எத்தனை நாளில் வரும், ரிஜெக்ட் ஆனால் துணிக் காசு யார் தலையில் என்ற இரண்டையும் எழுதி வாங்காமல் பண்டிலை இறக்காதீர்கள்.