பண்டிகைக்குக் கேக்கை வீட்டில்தான் செய்ய வேண்டுமா, கடையில் வாங்கினால் போதாதா?

கேள்வியின் விவரத்தில் இப்படி இருக்கிறது: கிறிஸ்துமஸுக்கு இருபது பேர் வீட்டில் கூடுகிறார்கள், நான்கு வருடங்களாக இவர்தான் கேக் செய்கிறார், தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிறார்களே தவிர ஒருவரும் ஒரு நன்றி சொன்னதில்லை, இந்த வருடம் கடையில் வாங்கி வைத்துவிடலாமா?

வாங்கி வையுங்கள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இனி எழுதுவது எனக்காக.

நீங்கள் அந்த வீட்டு மருமகள் என்று வைத்துக்கொள்கிறேன். மகளாக இருந்தால் கூடத்தின் நடுவில் நின்று, "கேக் எப்படி இருக்கிறது? ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை?" என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். முகம் தெரியாதவர்களிடம் வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். நான்கு வருடத்தில் அலுத்துவிட்டது என்கிறீர்கள். என் அம்மா முப்பத்தொரு வருடம் செய்தார். அவரும் மருமகள்தான்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. அப்பா தமிழாசிரியர். எங்கள் வீட்டில் வாசலுக்கு வருபவருக்கு வணக்கம் கிடையாது, ஸ்தோத்திரம்தான், அதாவது கடவுளுக்குத் துதியும் நன்றியும். சாப்பாட்டுக்கு முன் ஸ்தோத்திரம், பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம், பரீட்சையில் தேறினால் ஸ்தோத்திரக் காணிக்கை. பிறந்தநாளுக்கு உறையில் போட்டுக் கொடுத்ததைப் பெயரோடும் தொகையோடும் கோயிலில், அதாவது சர்ச்சில், வாசிப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை வரும். பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாரும் ஏலம் போகும். டிசம்பர் 31 இரவு குடும்பமாக உட்கார்ந்து பைபிளின் 103ஆம் சங்கீதத்தைச் சொல்லிவிட்டு, அந்த வருடம் பெற்ற உபகாரங்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். அந்தக் கணக்கில் ஒரு வருடமும் அம்மாவின் கேக் வந்ததில்லை.

நான் ஒருமுறை கேட்டேன். அப்பா திருக்குறளை எடுத்தார். பதினோராம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. 'நன்றி சொல்லுதல்' அல்ல. குறளில் நன்றி என்றால் பிறர் செய்த நன்மை. அதை அறிந்து மனத்தில் வைத்திருக்க வேண்டும். வாயால் சொல்லிக் கணக்குத் தீர்க்கக் கூடாது என்றார். பல வருடங்கள் நானும் இதை என் கண்டுபிடிப்பு போலப் பிறரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றும் பொருள் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையில் கேக் துண்டை வைத்துக்கொண்டிருப்பவர் அதைச் சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். தூத்துக்குடி அத்தை ஒவ்வொரு வருடமும் மக்ரூன் வாங்கி வருவார். வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட அந்தச் சின்னக் கூம்புகளை எடுத்து வைத்ததும் கூடமே பேச ஆரம்பிக்கும். எந்தக் கடை, கிலோ என்ன விலை, போன வருடம் இதைவிட மொறுமொறுப்பாக இருந்ததே. சித்தப்பா முதலூர் மஸ்கோத் அல்வா கொண்டுவந்தாலும் அப்படித்தான்; தேங்காய்ப்பால் வாசனை பற்றியே அரைமணி நேரம் போகும். வாங்கி வந்த பலகாரத்துக்குக் கடை உண்டு, விலை உண்டு, பேச விஷயம் உண்டு. வீட்டுக் கேக்கைப் பற்றி என்ன பேசுவது? அது அடுப்படியிலிருந்து வருகிறது, குழாயில் தண்ணீர் வருவதைப் போல. ஆகவே பாராட்டு வேண்டுமென்றால் கடையில் வாங்குவதே நல்லது என்று நான் சொல்வது கிண்டல் இல்லை.

இனி 1986க்கு வருகிறேன். எனக்குப் பதின்மூன்று வயது.

அம்மாவின் கணக்கு எளிது. அரைக் கிலோ மைதா, அரைக் கிலோ வெண்ணெய், அரைக் கிலோ சீனி, பத்து முட்டை. முட்டையையும் உடைத்து நிறுத்தால் ஏறக்குறைய அரைக் கிலோதான் வரும். எங்கள் ஆச்சி காலத்தில் எல்லாமே ஒவ்வொரு ராத்தல், அதாவது பவுண்டு. வெண்ணெயையும் பொடித்த சீனியையும் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கும் அண்ணனுக்கும். முதலில் தோள் வலிக்கும், பிறகு மரத்துப்போகும், அதற்குப் பிறகுதான் வெண்ணெய் நுரைக்கும். அந்த நுரையில் அடைபட்ட காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது என்பது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாக அடித்திருப்பேன். நிறத்துக்குச் சீனியை இரும்புச் சட்டியில் கருக்கி, புகை வரும் நேரத்தில் அம்மா வெந்நீரை ஊற்றுவார். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறித்துவிடும். கிஸ்மிஸ், பேரீச்சை, முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் பன்னீர்த் திராட்சைச் சாற்றில் முந்தைய வாரமே ஊறிக்கொண்டிருக்கும். டூட்டி ஃப்ரூட்டி என்பது வெறும் பப்பாளிக்காய் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் தனிக்கதை. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லோரும் போடுவார்கள். அம்மா சுக்கும் போடுவார்.

வீட்டில் மின்சார அவன் கிடையாது. மாவைத் தகரத்தில் ஊற்றிப் பேக்கரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே விறகு எரித்துச் சூடேற்றிய செங்கல் அடுப்பு. தணலை வாரி எடுத்துவிட்டு முதலில் ரொட்டியை வேகவைப்பார்கள். அந்தச் சூட்டில் கேக்கை வைத்தால் மேலே கருகி, நடுவில் மாவாகவே நிற்கும். ரொட்டி வெந்து, செங்கல் சூடு தணிந்த பிறகுதான் ஊராரின் கேக்குகள் உள்ளே போகும். டிசம்பர் 23, 24 தேதிகளில் அந்தக் கடை வாசலில் நூறு தகரமாவது வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டிப் பெயர் எழுதுவோம்.

நான் 'சார் வீடு' என்று எழுதினேன்.

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று அழைக்கப்படும் ஊரில், மூன்று வீட்டுக்கு ஒரு வாத்தியார் இருக்கும் தெருக்களின் நடுவே, தகரத்தில் 'சார் வீடு' என்று எழுதிய புத்திசாலி நான்தான். இல்லை, இன்னொருவனும் இருந்திருக்கிறான். 24ஆம் தேதி இரவு கேரல் பாடப் போகும் அவசரத்தில் கடையில் போய் நின்றேன். "சார் வீடா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். சூடு ஆறாத தகரத்தைத் துணியில் சுற்றி வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டு ஓடினேன். கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன்.

மறுநாள் விடியற்கால ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தாயிற்று. கூடத்தில் இருபத்திரண்டு பேர். அம்மா அடுப்படியில் கேக்கில் கத்தியை வைத்தார், நிறுத்தினார், குனிந்து முகர்ந்தார். தகரத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். எங்கள் தகரத்தில் ஒரு நசுங்கல் இருக்கும், இதில் இல்லை.

"இது யார் வீட்டுத் தகரம்?"

எனக்கும் அப்போதுதான் வாசனை தெரிந்தது. ரம்.

இங்கே ஒரு விளக்கம், இல்லாவிட்டால் கருத்துப் பெட்டியில் அடிக்க வருவார்கள். ரம் ஊற்றிக் கேக் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தபோதே, வெளிநாட்டு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர் முந்திரிப்பழச் சாராயத்தைச் சேர்த்தார் என்று கேரளத்தில் பெருமையாகச் சொல்வார்கள். கேக்கே வெள்ளைக்காரன் பலகாரம்தானே என்று வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: மிளகாயும் முந்திரியும்கூடக் கப்பலில் வந்தவைதான். சொல்ல வருவது வேறு. எங்கள் பெரியப்பா சபையில் மதுவிலக்குப் பற்றிப் பேசுபவர். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளிடம் குடிக்க மாட்டோம் என்று உறுதிமொழி வாங்குபவர். அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "கேக் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு நிமிடம் நின்றார். வேறு கேக் கிடையாது. பிறகு வெட்டித் தட்டில் அடுக்கி என் கையிலேயே கொடுத்தார்.

முதல் துண்டு பெரியப்பாவுக்கு. மென்றார். கண்ணை மூடினார். "இந்த வருடம் கேக்கில் ஒரு தனி மணம் இருக்கிறதே" என்றார். இரண்டாவது துண்டை அவரே எடுத்துக்கொண்டார். தூத்துக்குடி அத்தை மக்ரூன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, "மதினி, என்ன போட்டீர்கள்? பஞ்சு மாதிரி இருக்கிறது" என்று அடுப்படிக்கே வந்து கேட்டார். அப்பா, குறள் சொல்லும் அப்பா, இருபத்திரண்டு பேர் முன்னால், "உன் கைப்பக்குவம் வருடத்துக்கு வருடம் கூடுகிறது" என்றார். மூன்றாவது துண்டுக்குப் பிறகு பெரியப்பா எழுந்து நின்று ஜெபம் செய்தார். இந்த வீட்டுத் தாயாரின் கைகளுக்காக ஸ்தோத்திரம் என்று அதில் ஒரு வரி வந்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை.

அடுத்த நாள் காலையில் என் வயதுப் பையன் ஒருவன் எங்கள் தகரத்தோடு வாசலில் நின்றான். நசுங்கலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று சார் வீடுகளில் விசாரித்துவிட்டு நான்காவதாக வந்திருக்கிறான். தகரத்தைக் கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே சீனி போட்டு அனுப்பியிருந்தார்கள். அவன் அம்மா ஒன்று கேட்டு வரச் சொன்னார்களாம்: "உங்கள் கேக்கில் சுக்கா போடுகிறீர்கள்? எவ்வளவு போட வேண்டும்?"

அம்மா அவனை உட்காரவைத்து முறுக்கு கொடுத்தார். அன்று காலை கிழித்துப் போட்ட காலண்டர் தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் முழுச் செய்முறையையும் எழுதினார். அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

பாத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பின் தெரியாத அந்த வீட்டார் ஒரு நசுங்கிய தகரத்தைத் திருப்பித் தர நான்கு வாசல் ஏறினார்கள். இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்கு மூன்று கிறிஸ்துமஸாக எவர்சில்வர் சம்படத்தில் கேக் கொடுக்கிறேன். மூன்று சம்படங்களும் அங்கேயே தங்கிவிட்டன. ஒன்றில் அம்மாவின் பெயரை வெட்டியிருக்கிறது. கேட்டால் அற்பம், கேட்காவிட்டால் நஷ்டம். போன தீபாவளிக்கு அவர்கள் அதிரசம் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் டப்பாவில், "டப்பாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று தாராளமாகச் சொன்னார்கள். என் சம்படத்தில் அவர்கள் வீட்டுத் துவரம்பருப்பு இருப்பதைக் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான், சண்டைக்கு வரவில்லை. ஆனால் பெயர் வெட்டிய பாத்திரம் ஐயா.

இருக்கட்டும். அதற்குப் பிறகும் அம்மா பல வருடம் செய்தார். 1987இல் பழைய கேக்கே வந்தது. பெரியப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, "போன வருட மணம் இல்லையே" என்றார். அம்மா "ஆமாம்" என்றார். அவ்வளவுதான். தகரத்தில் அப்பாவின் முழுப் பெயரையும் தெருவையும் அவரே ஆணியால் கீறிவைத்துவிட்டார்.

அம்மா போன பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள், வெண்ணெய் அடிக்க ஆண்பிள்ளைகளைத்தான் கூப்பிட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். இப்போது மின்சார அவன் இருக்கிறது, 170 டிகிரியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். பதினான்கு பேர் வருகிறார்கள். நன்றி யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு நேர்வதுதான் எனக்கும் நேர்கிறது, நானும் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருடம் கடைக்கேக்குதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

என் கஷ்டம் வேறு. அரைக் கிலோ கணக்கு எனக்கு மனப்பாடம், மற்ற எல்லாமே கைக்கு வந்துவிட்டது. சுக்கு மட்டும் அமையவில்லை. ஒரு வருடம் காரம், ஒரு வருடம் இருப்பதே தெரியவில்லை. அம்மா அதை எங்களில் யாருக்கும் எழுதித் தரவில்லை, நாங்கள் கேட்கவில்லை. எழுதிய தாள் ஒன்றே ஒன்றுதான். பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு சார் வீட்டில் அது இருக்க வேண்டும். முன்பக்கம் 1986 டிசம்பர் 25 என்ற தேதி, பின்பக்கம் நீல மை, சாய்ந்த கையெழுத்து. இதைப் படிப்பவர்கள் யார் வீட்டிலாவது அந்தத் தாள் இருந்தால் முழுவதும் வேண்டாம், சுக்கு எவ்வளவு என்று மட்டும் கருத்தில் எழுதுங்கள்.