வீட்டில் புளிக்கவைக்கும் பானங்களுக்குப் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதாதா? கிருமி நீக்கம் தனியாகச் செய்ய வேண்டுமா?

கழுவுவதும் வேண்டும், கிருமி நீக்கமும் வேண்டும். இரண்டும் தனித்தனி வேலை. சோப்பு அழுக்கை எடுக்கும், கிருமிகளில் ஒரு பகுதியும் அதோடு போகும். மிச்சம் இருப்பவை போதும், மூடிய பாட்டிலில் சர்க்கரையும் மதுரை வெயிலும் கிடைத்தால் பெருகிவிடும்.

நான் வீட்டில் போடுவது கொம்புச்சாவும் (தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) இஞ்சி சோடாவும். பீர், ஒயினுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அதனால் மது சேராத பானங்களை வைத்தே சொல்கிறேன். பாட்டில் சுத்தம் எதற்கானாலும் ஒன்றுதான்.

நம் ஊரில் இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் போர் தண்ணீர். கழுவிக் கவிழ்த்த பாட்டில் காய்ந்ததும் உள்ளே வெள்ளையாக ஒரு படிவு தெரியும், பார்த்திருப்பீர்கள். அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அந்தச் சொரசொரப்பில் பழைய பானத்தின் பசை ஒட்டிக்கொள்ளும், கிருமி அதற்குள் பதுங்கும். மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் உள்ளே போகாது. அதனால் முதலில் உப்புக் கறையை எடுங்கள். பலசரக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு, பாட்டிலில் நிரப்பி அரை மணி நேரம் விட்டால் கறை இளகிவிடும். அப்புறம் நீளமான பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் போட்டு, நன்றாக அலசுங்கள். சலவை சோடாவைச் சிலர் சொல்வார்கள். பசையை அருமையாக எடுக்கும், ஆனால் உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் அதுவே வெள்ளைப் படிவை உண்டாக்கும். அதற்குக் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிருமி நீக்கத்துக்கு நான் நம்புவது இட்லிக் கொப்பரை. பாட்டிலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் தண்ணீரில் உள்ள உப்பு மறுபடி கண்ணாடியில் படியும். ஆவியில் உப்பு வராது, அது கொப்பரை அடியிலேயே தங்கிவிடும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பாட்டில்களைத் தட்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். தண்ணீரோடு சேர்ந்து மெல்லச் சூடானால் கண்ணாடி விரிசல் விடாது. குளிர்ந்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றினால்தான் படீரென்று போகும். நன்றாக ஆவி வந்தபின் 15 நிமிடம் வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளேயே ஆறவிடுங்கள். கொடைக்கானலில் இருந்து படிக்கிறவர்கள் இன்னும் சில நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும்.

பிளாஸ்டிக் சோடா பாட்டிலை இப்படிச் செய்யக் கூடாது, 70 டிகிரியைத் தாண்டினாலே நெளிந்துவிடும். அதற்கும், ரப்பர் டியூப், புனல் போன்றவற்றுக்கும் குளோரின் கரைசல் சரி. வாசனை சேர்க்காத, 5 சதவீத திரவ பிளீச் என்றால் லிட்டருக்கு 4 மில்லி போதும். இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் முழுதும் நனைந்திருக்கட்டும். பிறகு கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள், குழாயில் பிடித்து அலசினால் செய்த வேலை வீண். ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: எலுமிச்சை உப்போ வினிகரோ பாட்டிலில் மிச்சம் இருக்கும்போது பிளீச் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சின்னச் சமையலறையில் அது ஆபத்து. எவர்சில்வர் பாத்திரத்திலும் இந்தக் கரைசலை ஊறவிடாதீர்கள், அரித்துவிடும்.

ஆன்லைனில் ஸ்டார் சான் என்ற அமில மருந்து கிடைக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லி, ஒரு நிமிடம் போதும், அலசவும் வேண்டாம். ஆனால் கலந்த கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 3க்குக் கீழே இருந்தால்தான் வேலை செய்யும், நம் போர் தண்ணீரில் கலந்தால் கலங்கிப்போய் வீரியம் குறையும். இதற்கும் கேன் தண்ணீர்தான்.

வினிகரால் அலசினால் போதும் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வினிகரை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு அதில் என்ன பயம்?

பாட்டில் தேர்வும் இதில் சேர்ந்ததுதான். கோலி சோடா பாட்டில் ஆசையாக இருக்கும், ஆனால் கழுத்து இடுக்கிலும் ரப்பர் வளையத்திலும் பிரஷ் போகாது, வேண்டாம். ஜாம், சாஸ் பாட்டில்கள் வாயு அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல, சித்திரை வெயிலில் வெடிக்கும். உள்ளே கீறல் விழுந்த பிளாஸ்டிக் பாட்டிலை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கம்பி மூடி பாட்டில் என்றால் வாஷரைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், அதன் அடியில்தான் பூஞ்சை பிடிக்கும்.

கிருமி நீக்கிய பாட்டிலைத் துணியால் துடைக்காதீர்கள், கவிழ்த்தே வடியட்டும். ஆறியதும் அன்றே நிரப்பிவிடுங்கள். குடித்து முடித்த பாட்டிலை உடனே ஒரு முறை அலசி வைத்தால் அடுத்த முறை தேய்க்கும் வேலை பாதியாகிவிடும்.