பெண் பாடிபில்டர்களின் முன்னோடி யார்?

பலரும் ரேச்சல் மெக்லிஷ் என்பார்கள். 1980இல், பெண் பாடிபில்டர்களுக்கான மிஸ் ஒலிம்பியா போட்டியின் முதல் பட்டத்தை வென்றவர் அவர்தான். ஆனால் என்னைக் கேட்டால், 40 ஆண்டுகள் பின்னோக்கிப் போய் 'பட்ஜி' ஸ்டாக்டனிலிருந்து தொடங்க வேண்டும்.

இயற்பெயர் ஆபி, 1917இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, உடம்பு போட்டுவிட்டது. காதலர் லெஸ் கொண்டுவந்து கொடுத்த டம்பெல்லில் பயிற்சி ஆரம்பம். பிறகு, உடற்பயிற்சி சாகசக்காரர்கள் கூடும் சாண்டா மோனிகா கடற்கரையான மசில் பீச்தான் இருவருக்கும் மேடை. அங்கே அவர் செய்த ஒரு சாகசத்தைப் பாருங்கள்: லெஸ் தூக்கிப் பிடித்த கைகளின் மேல் நிமிர்ந்து நின்றபடி, சுமார் 45 கிலோ பார்பெல்லைத் தலைக்கு மேல் உயர்த்துவார். அவருடைய எடையே கிட்டத்தட்ட 52 கிலோதான்!

எடை தூக்கினால் பெண்ணுக்கு ஆண் உடம்பு வந்துவிடும் என்று நம்பிய காலம் அது. அவரது படங்களே அதற்குப் பதிலடி. அதோடு நிற்கவில்லை. 1944 முதல் 'ஸ்ட்ரென்த் அண்ட் ஹெல்த்' இதழில் பெண்களுக்காகவே பத்தி எழுதினார். 1947இல் பெண்களுக்கான பளுதூக்கும் போட்டி நடக்க முன்னின்று உழைத்தார். எனக்கு அவருடைய பலத்தைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான ஜிம்மும் நடத்தினார். 2006இல், 88 வயதில் காலமானார்.