தூண்டில் புழு சாகாமல் கொண்டுபோக: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கே.ஆர். புரத்திலிருந்து: அண்ணா, நர்சரியில் வாங்கிய மண்புழுவைத் தோட்டத்து ஈரமண்ணோடு டப்பாவில் போட்டுக் கிருஷ்ணகிரி அணைக்குக் கொண்டுபோனோம். பத்து மணிக்குத் திறந்தால் பாதி கூழாகி நாறுகிறது. மூடியில் ஓட்டை போட்டுத்தான் வைத்திருந்தோம். பிறகு ஏன் செத்தது?

தம்பி, காற்று மூடி வரைக்கும் வந்திருக்கும், புழு வரைக்கும் போயிருக்காது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு. செம்மண்ணில் தண்ணீர் விட்டால் களியாகிவிடும். வண்டி குலுங்கக் குலுங்க அது அடியில் இறுகி, இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். முதல் புழு செத்ததும் அதன் அழுகல் மிச்சமிருக்கிற பிராணவாயுவையும் இழுத்துவிடும். அப்புறம் வரிசையாகச் சாகும். வெயிலையும் கணக்கில் வையுங்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹொசூர் தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போதே சூடு ஏறிவிடும்.

மண்ணை விட்டுவிட்டுக் கோகோபீட், அதாவது தென்னை நார்த் தூள் கட்டி வாங்குங்கள். 650 கிராம் கட்டியில் கால் பங்கு ஒரு பயணத்துக்குப் போதும். ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி அலசிப் பிழியுங்கள். தென்னை நாரில் உப்பு இருக்கும், அது புழுவின் உடம்பு நீரை உறிஞ்சிவிடும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கை மட்டும் நனைந்தால் இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம்.

இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் இதை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்காமல் உதிர்த்துப் போடுங்கள். தடித்த புழு என்றால் நூறுக்கு மேல் வேண்டாம். கோணி ஊசியைச் சூடுகாட்டி மூடியிலும் பக்கத்தின் மேல் பாதியிலும் சின்னச் சின்னதாக ஓட்டை போடுங்கள். மூடிக்கு அடியில் பழைய வேட்டித் துணி ஒரு துண்டு இருந்தால் புழு வெளியே வராது, காற்று போகும்.

அல்சூரிலிருந்து: ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள் கணக்கில் இருக்கும் என்கிறார்களே சார்?

எந்தப் புழு என்பதைப் பொறுத்தது சார். குளிர்நாட்டுப் பெரிய புழுவுக்குத்தான் அந்த யோசனை பொருந்தும். நம் பக்கம் மண்புழு உரத்துக்கு வளர்ப்பவை பெரும்பாலும் மூன்று வகை. தடித்து, நீண்டு, முன்பக்கம் ஊதா மினுமினுப்போடு இருந்தால் ஆப்பிரிக்கப் புழு, அதாவது யூட்ரிலஸ் யூஜெனியே. தூண்டிலுக்கு அருமையானது, ஆனால் குளிர் தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்தால் செத்துவிடும். மெல்லியதாக, சிவப்பில் மஞ்சள் வளையம் தெரிந்தால் ஐசீனியா ஃபெடிடா. கையில் எடுத்தாலே மஞ்சள் நீர் விட்டு நாறும். இது குளிரைச் சமாளிக்கும். ஒல்லியாக, நீலப் பளபளப்போடு, தொட்டதும் துள்ளி ஓடுவது பெரியோனிக்ஸ். டப்பாவில் துணி இல்லையென்றால் ராத்திரியே தப்பித்துவிடும்.

மூன்றுக்கும் பொதுவாக 20 முதல் 25 டிகிரி நல்லது. வீட்டில் சமையலறைத் தரை மூலையே போதும்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: அப்படியானால் வழியில் ஐஸ் வைக்கக் கூடாதா?

வைக்கலாம், நேராக வைக்கக் கூடாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். புழு டப்பா மறு ஓரத்தில். பாட்டிலில் வியர்க்கும் தண்ணீர் தேங்குமே, அதில் டப்பா உட்காராதபடி அடியில் இரண்டு மரக்கட்டை கொடுங்கள். பெட்டி மூடியை இறுக்கி ஒட்டாமல் சின்ன இடைவெளி விடுங்கள். நிறுத்திய காரின் டிக்கியில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் அரை மணி நேரம் போதும், மொத்தமும் போய்விடும்.

விவேக் நகரிலிருந்து: குழாய்த் தண்ணீர் தெளிக்கலாமா அண்ணா?

காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத் தெளியுங்கள் அக்கா.

ராமமூர்த்தி நகரிலிருந்து: மூன்று நாள் பயணம். சாப்பாடு போட்டுத்தான் வைத்தோம். சில புழு அங்கங்கே வீங்கியும் நடுவில் இறுகியும் மணிமாலை மாதிரி ஆகிவிட்டது. என்ன நோய் இது?

அது தீனி கூடிப்போனதன் விளைவு. என்ன போட்டீர்கள் என்று எழுதவில்லை. மாவோ சோறோ என்று நினைக்கிறேன். அது புளித்துப் புழுவின் குடலில் அமிலமும் வாயுவும் சேர்ந்து உடம்பு அப்படி ஆகிறது. அந்த நிலைக்குப் போன புழு பிழைப்பது அரிது, எடுத்து எறியுங்கள். மற்றதைப் புதுக் கோகோபீட்டுக்கு மாற்றி, நைசாகப் பொடித்த முட்டை ஓடு ஒரு சிட்டிகை தூவுங்கள்.

மூன்று நாளைக்குத் தீனியே வேண்டாம். சொல்லப்போனால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கோகோபீட்டில் போட்டு வைத்தால் குடல் காலியாகித் தோல் கெட்டிப்படும். முள்ளில் கோக்கும்போது பிய்யாது. ஒரு வாரம் தாண்டினால் மட்டும் மேலே ஒரு சிட்டிகை ராகி மாவு. அது தீர்ந்த பிறகே அடுத்தது.

சிவாஜி நகரிலிருந்து: கரையில் உட்கார்ந்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

பெரிய டப்பாவை அடிக்கடி திறக்காதீர்கள். பத்துப் பதினைந்து புழுவைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். நிழல் நகரும், டப்பாவும் கூடவே நகர வேண்டும். நேர் வெயில் பட்டால் சில நிமிடத்தில் புழு முடங்கிவிடும்.

கொசு கிரீம், புகையிலை, ஊறுகாய் உப்பு பட்ட கையோடு தொடாதீர்கள். எல்லாம் அந்த ஈரத் தோல் வழியாக உள்ளே போகும். கெளுத்தியும் கெண்டையும் வாசனை பார்த்துக் கடிக்கிற மீன்கள். அதற்காகவும் கையைக் கழுவ வேண்டும்.

ஹெப்பாலிலிருந்து: மிஞ்சிய புழுவைக் கரையிலேயே விட்டுவிடலாமா?

வேண்டாம். ஆப்பிரிக்கப் புழுவும் ஐசீனியாவும் இந்த மண்ணைச் சேர்ந்தவை அல்ல. திரும்பக் கொண்டுவந்து உரத்தொட்டியிலோ பூந்தொட்டியிலோ விடுங்கள். புதுச் சாணத்தில் மட்டும் போடாதீர்கள். அதன் சூடும் அம்மோனியாவும் ஆகாது. குறைந்தது மூன்று வாரம் ஆறிய சாணமாக இருக்கட்டும்.