பழைய கன்சோல் கேம்களைப் படியெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கை ஐஎஸ்ஓவாக (டிஸ்க்கின் டேட்டா மட்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) எடுத்தேன். கேம் ஓடுகிறது, பாட்டு மட்டும் வரவில்லை. ஏன் சார்?

பதில்: சிடியின் ஒரு செக்டர் (தகவல் பதியும் சிறு துண்டு) 2352 பைட். ஐஎஸ்ஓவில் 2048தான் ஏறும். பல கேம்களில் முதல் டிராக் டேட்டா, மற்றவை சாதாரண ஆடியோ சிடி போன்ற பாட்டு டிராக்குகள். அவை ஐஎஸ்ஓவுக்குள் வரவே வராது. இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளில் பின்/க்யூ (bin/cue) வடிவில் எடுங்கள்: பின் கோப்பில் முழு டிஸ்க்கும், க்யூ கோப்பில் டிராக் பட்டியலும் இருக்கும். க்யூ கோப்பை நோட்பேடில் திறந்தால் ஆடியோ டிராக்குகள் வரிசையாகத் தெரிய வேண்டும். பின் கோப்பின் பெயரை மாற்றினால் க்யூவுக்குள் இருக்கும் பெயரையும் மாற்றுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஐரோப்பியப் பதிப்பு என்றால் இன்னொன்று. சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற பாதுகாப்பு உண்டு. அது சப்சேனலில் (டேட்டாவோடு கூடவே பதியும் துணைத் தகவல்) ஒளிந்திருப்பதால் பின்/க்யூவில் பதியாது. அதே பெயரில், அந்தத் தகவல் அடங்கிய எஸ்பிஐ (.sbi) கோப்பு ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேம் நடுவழியில் நின்றுவிடும்.

கேள்வி: டேட்டா டிராக்கின் ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ரிடம்ப் என்ற டிஸ்க் விவரத் தளத்தின் பட்டியலோடு ஒத்துப்போகிறது, ஆடியோ டிராக் ஒத்துப்போகவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா அண்ணா?

பதில்: பெரும்பாலும் இல்லை தம்பி. ஒவ்வொரு டிரைவும் ஆடியோவைச் சில சாம்பிள் முன்பின் தள்ளித்தான் படிக்கும். ரெடம்பர் என்ற மென்பொருள் அந்த ஆஃப்செட்டைத் திருத்தி எடுக்கும், அதில் ஒருமுறை முயலுங்கள். ஒரே டிரைவில் இரண்டு முறை எடுத்து ஹேஷ் மாறி மாறி வந்தால்தான் கீறலையோ தூசியையோ சந்தேகிக்கணும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

கேள்வி: கேம் பாயின் போகிமான் கோல்ட் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. பேட்டரியை மாற்றிவிட்டு ரோம் (கேம் பதிந்த சிப்பின் நகல்) எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! ரோம் எங்கேயும் போகாது. சேவ் (விளையாடிச் சேமித்தது) இருப்பது எஸ்ராமில், அதாவது மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் நினைவகத்தில், அதற்கு உயிர் கொடுப்பது அந்த சிஆர்2025 செல்தான். கழற்றினால் சேவ் போச்சு. இந்த கேமில் கடிகாரமும் அதே செல்லில் ஓடுவதால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீரும்.

முதலில் கார்ட்ரிட்ஜின் உலோகப் பின்களை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். வாயால் ஊதினால் ஈரம் பட்டுப் பின்கள் அரிக்கும். ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற, கணினியோடு இணைக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடரில் 5 வோல்ட் வையுங்கள். 3.3 வோல்ட் கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கு. அதை 5இல் செருகினால் சிப் கெடலாம். முதலில் சேவ், பிறகு ரோம். சேவ் 32,768 பைட், கடிகாரத் தகவலும் சேர்ந்தால் சற்றுக் கூடும். ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளைக் காட்டும் மென்பொருள்) முழுக்க எஃப்எஃப் (FF) என்று தெரிந்தால் தொடர்பு சரியில்லை: துடைத்து மறுபடி எடுங்கள். இரண்டு முறை எடுத்த சேவை எமுலேட்டரில் (கணினியில் கன்சோல் கேமை ஓட்டும் மென்பொருள்) திறந்து பார்த்த பிறகே கார்ட்ரிட்ஜைத் திறக்கும் 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்க வேண்டும். காது (சால்டர் வைக்கும் உலோகத் தகடு) வைத்த செல்லாக வாங்குங்கள். செல்லின் மேலேயே சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.

கேள்வி: நின்டெண்டோ 64 ரோம் எமுலேட்டரில் ஓடுகிறது, ஹேஷ் மட்டும் சேரவில்லை.

பதில்: பைட் வரிசை மாறியிருக்கும். முதல் நான்கு பைட் 80 37 12 40 என்றால் சரியான வரிசை. 37 80 40 12 என்றால் இரண்டிரண்டாக இடம் மாறியிருக்கிறது. மாற்றியபின் ஹேஷ் பாருங்கள்.

கேள்வி: இடம் போதவில்லை. டிஸ்க் கோப்புகளை சிஎச்டி (CHD) என்ற சுருக்க வடிவில் சுருக்கினால் தரம் குறையுமா?

பதில்: குறையாது. வேண்டும்போது பின்/க்யூவாகத் திரும்ப விரிக்கலாம். சுருக்கும் முன் ஹேஷைக் குறித்து வைத்து, ஒருமுறை விரித்து ஒப்பிட்ட பிறகு மூலக் கோப்பை அழியுங்கள்.